இல்லத்தரசியின் சொல்லும் தாய்சேய் நலமும்

"பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு" என்பது நம் நாட்டு முதுமொழி. தாய்மையின் பெருமையும் அதனைச் சூழ்ந்து நின்ற அச்சமும் அம்மொழியில் ஒருங்கே அடங்கியுள்ளன. ஊரிலிருந்து தந்தி வந்த நாள்களை நம் குடியிருப்பின் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மனைவியைத் தலைப்பிரசவத்திற்குக் கப்பலேற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இங்கே பணிமனையிலும் துறைமுகத்திலும் உழைத்துக்கொண்டிருந்த கணவன், தந்திச் சேவகரைக் கண்டதும் நடுங்கிய கையுடன் உறையைப் பிரிப்பான். "தாயும் சேயும் நலம்" என்னும் மூன்று சொற்களைப் படித்த பின்னரே அவனுக்கு மூச்சு வரும்.

அம்மூன்று சொற்கள் எவ்வாறு கிடைத்தன? மருத்துவர் திறமையால் என்போம்; இறைவன் அருளால் என்போம். இரண்டும் உண்மையே. ஆயினும், மருத்துவமனைக் கட்டிலுக்கு வருமுன்னர், வீட்டுத் திண்ணையில் யாரோ ஒருவர் "புறப்படுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அச்சொல்லைச் சொன்னவர் யார்? சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது? தாய்சேய் நலத்தின் வரலாறு பாதி மருத்துவமனையில் நிகழ்ந்தது. மறுபாதி வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. அந்த மறுபாதியைச் சற்று நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டு, 1890களின் தொடக்கம். தென்னார்க்காட்டுத் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்னும் அமெரிக்க மருத்துவர் தொண்டு புரிந்துவந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர், இராணிப்பேட்டையில் 1870இல் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு, நோயுற்ற தாய்க்குத் துணையாக வந்திருந்தார். மருத்துவம் படிக்கும் எண்ணமோ, இந்நாட்டில் தங்கும் எண்ணமோ அவருக்கு இல்லை.

ஓரிரவு அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அந்தணர் ஒருவர் நின்றார். இளவயது மனைவி பிள்ளைப்பேற்றில் துன்புறுகிறாள், உதவ வேண்டும் என்றார். "என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன்" என்றார் ஐடா. வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதைவிட அவள் இறப்பதே மேல் என்னும் கருத்துப்படப் பேசி, வந்தவர் திரும்பினார். சிறிது நேரத்தில் முஸ்லிம் ஒருவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாகவும் ஒருவர் வந்தார். அவரும் அவ்வாறே சென்றார். பொழுது விடிந்தபோது ஊருக்குள்ளிருந்து பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இந்நிகழ்ச்சியே ஐடாவை மருத்துவராக்கியது. அவர் 1899இல் அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902இல் பெண்களுக்கான மருத்துவமனையும், 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. இன்று உலகறிந்து விளங்கும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வித்து அந்தத் திண்டிவனத்து இரவில் ஊன்றப்பட்டதே.

இக்கதையைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் அதில் நாம் எண்ணிப் பாராத ஒன்றுண்டு. அம்மூன்று கணவரும் கொடியவர் அல்லர். கொடியவராயின் நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பரா? மனைவியிடம் அன்பு உடையவரே. மருத்துவரும் இரண்டு தெருவுக்கப்பால் ஆயத்தமாக இருந்தார். அன்பும் இருந்தது, மருத்துவமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: உள்ளே வலியால் துடித்த பெண்ணிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் வழக்கம். மூன்று வீட்டிலும் அக்கேள்வி கேட்கப்பட்டதாக வரலாறு சொல்லவில்லை.

கட்டடங்கள் எழுந்தன

அக்காலத்தில் மருத்துவமனையே இல்லை என்று கருதுதல் வேண்டா. சென்னையில் மகப்பேற்றுக்கென்றே 1844இல் ஒரு மருத்துவமனை தொடங்கப்பெற்றது. அதுவே 1882 முதல் எழும்பூரில் நிலைபெற்று, நம் தாய்மார் பலர் பிறந்த இடமாகவும், பிள்ளை பெற்ற இடமாகவும் விளங்குகிறது.

எனினும் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்டிரும், சாதி ஆசாரம் பேணிய குடும்பப் பெண்டிரும் அங்கே செல்லத் துணியவில்லை. அவர்கள் படும் துன்பத்தைக் கண்டு இரங்கிய மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, வழக்கறிஞர் ஒருவரின் மனைவி, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடன் சேர்ந்த பெண்டிர் இன்னும் மூவர். பெண்கள் மருத்துவம் கற்பது உலகில் பல நாடுகளில் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. இலண்டனில் மேற்படிப்பும் முடித்துத் திரும்பிய அம்மையாரின் முயற்சியால் 1885இல் கோஷாப் பெண்டிர்க்கான மருத்துவமனை சென்னையில் தோன்றியது. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூர்பா காந்தி பெயரால் வழங்குவது அதுவே.

ஆகவே, திண்டிவனத்துப் பெண்கள் இறந்த காலத்தில் சென்னை நகரில் அவர்கள் ஏற்கத்தக்க மருத்துவமனையும், பெண் மருத்துவரும் இருந்தனர். ஆனால் நகரத்துக் கட்டடம் நாட்டுப்புறத்து இல்லத்துக்கு எட்டவில்லை. கட்டடம் எழுப்புவது எளிது. அதற்கும் அடுப்படிக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைப்பது அரிது.

மருத்துவச்சியும் மாமியாரும்

நாட்டுப்புறத்தில் பிள்ளைப்பேறு பெண்களின் ஆட்சிக்குட்பட்டது. மாமியார், தாய், பாட்டி, அவர்கள் அழைத்துவரும் மருத்துவச்சி ஆகியோரே அங்கு அதிகாரிகள். ஆடவர் திண்ணையோடு நிற்பர். இதனால், "பிள்ளைப்பேற்றில் முடிவெடுத்தவர்கள் பெண்களே அன்றோ?" என்று சிலர் கேட்பர். உண்மை. ஆனால் முடிவெடுத்த பெண் வேறு. பிள்ளை பெற்ற பெண் வேறு. பதினான்கு, பதினைந்து வயதில் மருமகளாக வந்தவள் அவ்வறையில் வாய் திறக்கத் தகுதி பெறாதவள். அவள் தகுதி பெறும்போது மாமியாராகியிருப்பாள்!

மருத்துவச்சியைப் பழிப்பது இக்காலத்தில் எளிதாகிவிட்டது. அது நன்றியன்று. தாழ்ந்த குலத்தவள் என்று பகலில் ஒதுக்கப்பட்டவளை நள்ளிரவில் ஊரே தேடி ஓடியது. கூலியாக நெல்லும் பழந்துணியும் பெற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் முதலில் ஏந்தியவை அவள் கைகளே. அவளிடம் அன்பும் பழக்கமும் இருந்தன. கற்பிப்பார் இல்லாமையால் நோய்க்கிருமி பற்றிய அறிவு இல்லை. கை கழுவாமையே பேறுகாலச் சுரத்துக்குக் காரணம் என்பதை வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் 1847இல் கண்டு சொன்னபோது, படித்த மருத்துவர்களே அவரை எள்ளினார்கள். அவ்வாறிருக்க, நம் மருத்துவச்சியைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு? தூய்மையற்ற கத்தியால் தொப்புள்கொடி அறுத்தமையால் வந்த இசிவு நோய் எண்ணற்ற குழந்தைகளைக் கொன்றது. தாய்க்குத் தடுப்பூசி, தூய்மையான பேறுகாலம் ஆகிய இரண்டால் அந்நோய் அறவே குறைந்து, 2015இல் இந்தியா அதனை ஒழித்த நாடாக அறிவிக்கப்பெற்றது.

சட்டமன்றத்தில் ஒரு தாய்

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்க்கை இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். பெண்ணொருத்தி ஆடவர் கல்லூரியில் சேர்வதா என்று எழுந்த எதிர்ப்புகளைக் கடந்து கற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மருத்துவர் சுந்தர ரெட்டியை 1914இல் மணந்தபோது, தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்னும் உடன்பாட்டின் பேரிலேயே மணந்தார். வீட்டுக்குள் தம் சொல்லுக்கு இடம் தேடிக்கொண்ட பின்னரே அவர் நாட்டுக்குச் சொல்லப் புறப்பட்டார் எனலாம்.

பெண்களுக்கு வாக்குரிமை அளிப்பதில் 1921இல் முன்வந்தது சென்னை மாகாணம். அம்மாகாணச் சட்டமன்றத்தில் 1926இல் முதற்பெண் உறுப்பினராக அமர்ந்த அம்மையார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டுமென்று தீர்மானம் கொணர்ந்தார். அதன் பயனாக மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டது. குழந்தை மணத்தை எதிர்த்தும் முழங்கினார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக வகுத்த சாரதா சட்டம் 1929இல் வந்தது. அது பதினெட்டாக உயர்ந்தது 1978இல். மணவயதுக்கும் மகப்பேற்று நலத்துக்கும் உள்ள தொடர்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உடல் முதிராத பெண் தாயாவது இருவர் உயிருக்கும் இடர். உள்ளம் முதிராத பெண் தன் நோயைத் தானே எடுத்துச் சொல்லவும் அஞ்சுவாள்.

தோட்டத்திலிருந்து தீவுக்கு

இனி நம் தீவுகளை நோக்குவோம். கைதிகளின் குடியேற்றமாக 1858 மார்ச்சில் தொடங்கப்பெற்ற இவ்வூரில் முதலில் குடும்பம் நடத்திய பெண்டிருள் பெண் கைதிகளும் உண்டு. சில ஆண்டு தண்டனை கழிந்த பின், அதிகாரிகள் இசைந்தால் மட்டுமே அவர்கள் மணம் புரியலாம். தம் வாழ்வு குறித்த முடிவைத் துரையின் கையொப்பத்துக்குக் காத்திருந்து பெற்றவர்கள் அவர்கள். அத்தாய்மாரின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர்.

நம்மவருள் ஒரு பகுதியினர் வேறு வழியாக வந்தனர். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அந்நாடு 1948இல் குடியுரிமையற்றோராக்கியது. பின்னர் 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இந்தியா வந்தவர்களுள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப் பெற்றனர். இலங்கையின் கிராமங்களில், களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரத் திட்டம் முதற்கொண்டு, பயிற்சி பெற்ற மருத்துவ மாதர் வீடுவீடாகச் சென்று கருவுற்ற பெண்களைக் கண்டுவந்தனர். உலகம் வியக்கும் அளவுக்குத் தாய் மரணம் குறைந்தது. தோட்டத்து லயங்களோ நெடுங்காலம் பின்தங்கியே கிடந்தன. மேலும் ஒன்று: கொழுந்து பறித்தவள் பெண், ஆனால் அவள் கூலியையும் கணவனே சென்று பெற்றுவரும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. காலை முதல் மாலை வரை கூடை சுமந்தவள், தன் குழந்தைக்கு மருந்து வாங்கவும் கணவனின் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. உழைப்பு மட்டும் பெண்ணுக்கு உரிமை தந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்று காலத்தாழ்வுகள்

தாய்மார் இறப்பதன் காரணத்தை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்னும் இரு பெண் அறிஞர்கள் 1994இல் ஒரு கருத்தை வெளியிட்டனர். உயிரைப் பறிப்பவை மூன்று காலத்தாழ்வுகள் என்றனர். வீட்டில் முடிவெடுக்கும் தாழ்வு முதலாவது. வழியில் ஏற்படும் தாழ்வு இரண்டாவது. மருத்துவமனை அடைந்த பின்னும் உரிய சிகிச்சை கிடைக்காத தாழ்வு மூன்றாவது. உலகெங்கும் இன்று தாய்நலத் திட்டங்கள் இவ்வடிப்படையிலேயே வகுக்கப்படுகின்றன.

தமிழ்நாடு இம்மூன்றையும் ஒருங்கே தாக்கியது. சிற்றூர்தோறும் கிராம சுகாதாரச் செவிலியர் சென்றனர். மாமியாரிடமும் பேசி, மருமகளிடமும் பேசி, நாளையும் இடத்தையும் முன்கூட்டியே உறுதி செய்தனர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் செவிலியர் அமர்த்தப் பெற்றனர். 2008 முதல் 108 ஊர்தி வீட்டு வாயிலுக்கே வந்தது. வளைகாப்பையே அரசு எடுத்து நடத்திக் கருவுற்ற மகளிர்க்கு வளையல் அணிவித்தது. அஞ்சி ஒதுங்கிய பெண்களுக்கு அரசு நிலையம் தாய்வீடு போலாயிற்று. முத்துலட்சுமி அம்மையார் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி, 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அப்பணம் தாயின் பெயரிலேயே வருவது சிறப்பு. தோட்டத்துப் பெண்ணின் கூலி கணவன் கைக்குச் சென்ற காலத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

தாய் ஒருத்தி இறந்தால், மருத்துவர் மட்டுமன்றி வீட்டாரும் விசாரிக்கப்படுகின்றனர். வலி எப்போது கண்டது, யார் அறிந்தனர், எப்போது புறப்பட்டனர் என்று கேட்கப்படுகிறது. பழி சுமத்துவதற்கன்று, அடுத்தவளைக் காப்பதற்கே.

பயன் கண்கூடு. தமிழ்நாட்டில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு, 2004–06இல் 111 தாய்மார் இறந்தனர். 2018–20இல் அத்தொகை 54 ஆயிற்று. இந்திய நாடு முழுமைக்கும் அதே காலத்தில் 254 என்பது 97 ஆகக் குறைந்தது. பிறந்த ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள், 1971இல் இந்தியாவில் ஆயிரத்துக்கு 129, 2020இல் 28. தமிழ்நாட்டில் அவ்வாண்டில் 13. எண்களாக எழுதும்போது இவை சிறியனவாகத் தோன்றும். ஒவ்வோர் எண்ணும் ஒரு தொட்டில் என்று நினைத்துப் படியுங்கள்.

நம் குடியிருப்பில்

இவ்வளவும் தாய்நாட்டுச் செய்தி; நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் ஒரு நாழிகை நின்று பார்த்தால் விடை கிடைக்கும். வெளித்தீவுகளிலிருந்து வரும் கப்பலிலிருந்து நிறைமாதப் பெண்கள் இறங்குவதை நாம் காண்கிறோம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரின் பெரிய மருத்துவமனையை நாடி வருபவர்கள் அவர்கள். கச்சால் இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல். கேம்பெல் பே 500 கிலோமீட்டருக்கு மேல். கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். காற்று மிகுந்தால் ஹெலிகாப்டரும் நிற்கும். தரைநாட்டில் ஒருநாள் தயங்கியவர்க்கு ஊர்தி காத்திருக்கும். தீவில் தயங்கியவர்க்குக் கப்பல் காத்திராது. வழியின் தாழ்வை நம்மால் முற்றும் நீக்க முடியாது. அதனாலேயே வீட்டின் தாழ்வை நாம் நீக்கியாக வேண்டும்.

மருத்துவமனைக்கு நடந்தே செல்லத்தக்க தொலைவில் வாழும் நமக்கும் ஒரு குறையுண்டு. நம் இளம்பெண்கள் தாயையும் மாமியாரையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்கள். கடிதம் சென்று மறுமொழி வரப் பல நாள் ஆன காலத்தில், "ஊருக்கு எழுதிக் கேட்போம்" என்று தள்ளிவைத்த வீடுகள் உண்டு என மூத்த தாய்மார் சொல்வர். இன்று கடிதத்தின் இடத்தில் தொலைபேசி வந்துள்ளது. கேட்டுச் சொல்கிறோம் என்னும் பழக்கம் அவ்வாறே உள்ளது. நாள் நன்றா என்று ஊரில் கேட்கிறோம். செலவு எவ்வளவு என்று கணவனைக் கேட்கிறோம். வயிற்றில் பிள்ளையின் துடிப்புக் குறைந்ததை அறிந்தவள் அருகிலேயே இருக்கிறாள், அவளைக் கேட்பதில்லை.

இதற்கு மாறான நல்வழக்கமும் நம்மிடையே உண்டு. தாயில்லா இடத்தில் அண்டை வீட்டு வங்காளப் பெண்மணியும், தெலுங்கு அம்மாளும், ராஞ்சியிலிருந்து வந்த மூதாட்டியும் நம் பெண்களுக்குத் தாயாயினர். மொழி தெரியாமலே கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர். மொழி தெரியாமலே மருத்துவமனைக்கு உடன் வந்தனர். உறவு பிறப்பால் மட்டும் வருவதன்று என்பதை இத்தீவு நமக்குக் கற்பித்திருக்கிறது.

ஆதலின், ஆண்டு விழாக் காணும் இந்நன்னாளில் நம் குடும்பங்கள் மூன்று உறுதிகளை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம். முதலாவது, கருவுற்ற ஏழாம் மாதத்திலேயே எங்கே பேறு, எப்படிச் செல்வது, உடன் வருபவர் யார் என்பதை வீட்டார் அனைவரும் கூடி, கருவுற்றவளையும் அமர்த்திப் பேசி முடிவு செய்தல். வளைகாப்பு நாளே அதற்கு ஏற்ற நாள். இரண்டாவது, அவசரச் செலவுக்கான பணத்தை அவள் கையில் கொடுத்து வைத்தல். மூன்றாவது, இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், கால் முகம் வீங்கல், வலிப்பு, காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டு அவள் "புறப்படுவோம்" என்றால், யாரையும் கேளாமல் உடனே புறப்படுதல். வீணாக ஒருமுறை சென்று திரும்பினால் இழப்பது ஓர் இரவுத் தூக்கமே. செல்லாமல் இருந்தால் இழப்பது என்ன என்பதைத் திண்டிவனத்துப் பறையொலி சொல்லும்.

இல்லத்தரசி என்று பெண்ணை அழைக்கிறோம். அரசி என்றால் ஆணையிடும் உரிமை உடையவள். அந்த உரிமை அவளுக்கு வேறெந்த நாளில் இல்லாவிடினும், அவள் உயிரும் அவள் பிள்ளையின் உயிரும் ஊசலாடும் அந்நாளிலாவது இருக்கட்டும். அப்போது நம் வீடுகளிலிருந்து கடல் கடந்து செல்லும் செய்தி என்றும் ஒன்றாகவே இருக்கும்: தாயும் சேயும் நலம்.